பதினோராவது நிறம்

அத்தை கொடுத்த கெடு திங்கட்கிழமை. அதற்குள் நான் ஒரு வரியை எழுத வேண்டும். அதை ஒரு வீட்டுக்காரரிடம் வாய் திறந்து சொல்லவும் வேண்டும். எழுதுவது எளிது.

அந்த வரி இதுதான்: மூன்று நிறம் வரை சதுர அடிக் கணக்கு, அதற்கு மேல் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கட்டணம்.

அப்பா வீடுகளுக்குப் பெயிண்ட் அடித்துக் கொடுக்கும் ஒப்பந்தக்காரர். அவருடைய தங்கையான அத்தைதான் ஓரம் பிடிப்பவள். இரண்டு நிறங்கள் சந்திக்கும் இடத்தில் பிசிறில்லாமல் பிரஷ்ஷை இழுக்கும் வேலை அது. போன வீட்டில் ஒன்பது நிறம். பத்து நாளில் முடிப்பதாக அப்பா பேசியது பதினாறு நாள் இழுத்தது. கூடுதலான ஆறு நாளும் ஏணியில் நின்றது அத்தைதான். முடிந்த அன்று பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"இன்னொரு வீடு இதே மாதிரி பேசிட்டு வந்தீங்கன்னா, திங்கட்கிழமைலேருந்து நான் இல்லைண்ணா. அலமாரி செய்யற இடத்துல கூப்பிட்டிருக்காங்க. அங்க எல்லாமே வெள்ளை."

அப்பா சிரித்து மழுப்பினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தை மிரட்டுபவள் அல்ல, தகவல் சொல்பவள்.

நான் படித்தது வேதியியல். ஆட்களிடம் பேசுவதைவிட எதையாவது அளப்பது எனக்குச் சுலபம். அந்த வீட்டின் கடைசி நாட்களில் கைபேசியில் நேரம் குறித்து வைத்திருந்தேன். சுவர் பெரிதோ சிறிதோ, நிறம் மாற்றுவதற்குப் போகும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். அதுவும் ஒவ்வொரு பூச்சுக்கும் தனித்தனியாக. சதுர அடிக் கணக்கில் அந்த நேரம் எங்குமே இல்லை.

அந்த வரியை எழுதிய தாளை அப்பாவிடம் காட்டினேன். அவருக்கு உடனே புரிந்தது. ஆனால் ஆள் எதிரே வந்து நின்றால் முடியாது என்று சொல்லத் தனக்கு வராது என்றார். அது ஊரறிந்த விஷயம். ஆகவே, அடுத்த வீட்டில் நான் பேசுவது, அவர் வண்டியை விட்டு இறங்காமல் இருப்பது என்று முடிவாயிற்று.

அடுத்த வீடு ஒரு பல் மருத்துவருடையது. புதிதாகக் கட்டி, அடிப்பூச்சான ப்ரைமர் மட்டும் அடித்திருந்தார்கள். கூடத்தில் ஒரு மடக்கு மேசை, இரண்டு நாற்காலி, ஜன்னல் மேடையில் மாதிரிக்கு வாங்கிய சின்னச் சின்ன டப்பாக்கள். அவர் என் விலைத் தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார். பதினோரு நிறம் கேட்டிருந்தார். மூன்று போக எட்டு.

விரல் கடைசி வரியில் நின்றது. வாசல் கதவுக்குப் பக்கத்தில், சாவி வைக்கச் சுவரில் விட்டிருந்த குழிவு. ஒரு தட்டு அகலம்தான் இருக்கும். அதற்கு மட்டும் கரும்பச்சை.

"படுக்கையறை முழுசுக்கும் இதே தொகை, இந்தப் பொந்துக்கும் இதே தொகையா?"

ஆமாம் என்றேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அவர் கைப்பையிலிருந்து ஒரு கார்டை எடுத்து மேசையில் வைத்தார். எங்கள் கார்டுதான். அப்பாவின் பெயருக்குக் கீழே, சிவப்பு எழுத்தில்: எத்தனை நிறமானாலும் ஒரே விலை.

பதினைந்து வருடமாக அது அங்கே இருக்கிறது. அதை நானே எத்தனை பேருக்குக் கொடுத்திருப்பேன். ஒரு தடவைகூடப் படித்ததில்லை.

இன்னொருவரிடமும் விலை கேட்டிருப்பதாகவும், அவர் நிறத்துக்கென்று தனியாக எதுவும் போடவில்லை என்றும் மருத்துவர் சொன்னார். கோபமாக இல்லை. பல்லில் ஓட்டை இருக்கிறது என்று சொல்வதுபோல. மன்னிப்புக் கேட்டுவிட்டு வண்டிக்கு ஓடிவிடலாம் என்று இருந்தது. திங்கட்கிழமை நினைவுக்கு வந்தது.

"அந்தப் பொந்தை இப்பவே ஒரு பூச்சு அடிச்சுக் காட்டுறோம், டாக்டர். காசு வேண்டாம். நீங்க நேரத்தை மட்டும் பாருங்க."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றரை மணி நேரம் இருப்பதாகச் சொன்னார்.

வண்டியில் அப்பாவோடு இருந்த அத்தையை அழைத்து வந்தேன். தரையில் துணி விரித்தாள். குழிவைத் தேய்த்துத் தூசி துடைத்தாள். நான்கு விளிம்புக்கும் டேப் ஒட்டி, நகத்தால் அழுத்திக்கொண்டே வந்தாள். டப்பாவைத் திறந்து, அடி கலங்கும்வரை கிளறி, வடிகட்டினாள். இருபத்தாறு நிமிடம் ஆகியிருந்தது. சுவரில் இன்னும் ஒரு சொட்டுப் பச்சை இல்லை.

பூசுவதற்கு ஒன்பது நிமிடம்.

"அவ்வளவுதானா?" என்றார் மருத்துவர்.

"இனிமேதான் வேலையே," என்றாள் அத்தை.

டேப்பை அங்குலம் அங்குலமாக உரித்தாள். ஒரு மூலையில் மயிரிழை அளவு கசிந்திருந்தது. அதை மெல்லிய பிரஷ்ஷால் திருத்தினாள். பிறகு கொல்லைக் குழாயடி. முதல் வாளித் தண்ணீர் கரும்பச்சை. இரண்டாவது பச்சை. மூன்றாவதிலும் பிரஷ்ஷின் அடியிலிருந்து பாசிபோல நிறம் இறங்கிக்கொண்டே இருந்தது. மருத்துவர் குனிந்து பார்த்தார். அடுத்து அடிக்கப்போவது வெள்ளை என்றால் நான்காவது வாளியும் வேண்டும் என்றேன். இம்முறை குரல் கேட்டது.

மொத்தம் அறுபத்தெட்டு நிமிடம். காய்ந்த பிறகு, இரண்டாவது பூச்சுக்கு இதையே முதலிலிருந்து செய்ய வேண்டும்.

அவர் கூடத்துக்கு வந்து உட்கார்ந்து, என் பேனாவைக் கேட்டு வாங்கினார். குளியலறைகளுக்கு மூன்று விதமான வெள்ளை கேட்டிருந்தார். இரண்டைக் கோடு போட்டு நீக்கினார். படிக்கட்டுக்கும் மாடி நடைக்கும் தனித்தனியாக இருந்த இரண்டு சாம்பலை ஒன்றாக்கினார். குழிவின் வரியில் பேனா நின்றது.

"இதைக் கொஞ்சம் குறைச்சுக்கக் கூடாதா?"

அந்த நேரம் பார்த்து அப்பா உள்ளே வந்துவிட்டார். வண்டியில் வெயில் தாங்கவில்லையாம். கேள்வி காதில் விழுந்ததும் அவர் முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு மலர்ந்தது.

"அதுக்கென்ன டாக்டர், நமக்குள்ள..."

அத்தை ஈரப் பிரஷ்ஷை அவர் கையில் திணித்தாள். "பிடிங்கண்ணா. சட்டையில படாம."

அப்பா பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"குறைக்க முடியாது டாக்டர்," என்றேன். "வேணும்னா அந்த நிறத்தை விட்டுடலாம். இந்த வேலை எங்களுக்குக் கிடைக்கலைன்னாலும் அதுதான் விலை."

மருத்துவர் எழுந்து வாசல் பக்கம் போய், ஈரம் காயாத பச்சையைப் பார்த்துவிட்டு வந்தார். விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல இருந்தது. அந்த வரியை அப்படியே விட்டுவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டார். இப்போது மொத்தம் எட்டு நிறம்.

மேசையில் கிடந்த கார்டை எடுத்தேன். அதே பேனாவால் சிவப்பு வரியின் மேல் ஒரு கோடு இழுத்து அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். அப்பா அதைப் பார்த்தார்.

வண்டியில் அத்தை என்னிடம் எத்தனை நாள் போட்டிருக்கிறேன் என்று கேட்டாள். இருபத்திரண்டு என்றேன். நிறம் மாற்றும் நேரமும் அதில் அடக்கமா என்றாள். அடக்கம் என்றேன்.

"திங்கட்கிழமை அந்தப் பெரிய ஏணியை நீ தூக்காதே," என்றாள். "நான் வந்து இறக்கிக்கறேன்."