மிட் குடும்பத்து அட்டைகள்

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நான் காதால் கேட்டது ஐந்தே வரி. மிச்சமெல்லாம் இட்டுக்கட்டியது.

என் பக்கங்களை அச்செடுத்து வாங்க ஒரு டிடிபி கடையில் உட்கார்ந்திருந்தேன். முதுகுக்குப் பின்னால் பலகைத் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் டைப் அடிக்கிற பெண்ணின் குரல்.

"என்னக்கா இது, பக்கம் பூரா மிட், மிட்னு?"

"லத்தீன்மா. அனுப்புறதுன்னு அர்த்தம்." இது வயதான பெண்குரல். கொஞ்ச நேரம் கழித்து அதே குரல், "இந்த வரியை எடுத்துடு." இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "வேணாம், இருக்கட்டும்."

"அக்கா, இது மூணாவது தடவை."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குக் கதை காது வழியாகத்தான் வரும். முகத்தைப் பார்த்தால் குரல் ஓடிவிடும். என் பக்கங்களை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். எந்த வரி, ஏன் மூன்று தடவை என்ற கேள்வி மட்டும் செருப்பில் ஒட்டிய தாள் மாதிரி கூடவே வந்தது.

2

தொடக்கம், முதல் முயற்சி: "மாஸ்டர் இறந்த மொழியை நேசித்த மனிதர். ஆகவே அவர்…"

அடித்துவிட்டேன். 'ஆகவே' என்று யாராவது வீட்டில் பேசுவார்களா?

இரண்டாவது முயற்சி: "அன்று மழை பெய்து…"

மழை வேண்டாம். சோகக் கதைக்கு மழையைக் கூப்பிடுவது வீட்டு வேலைக்கு ஊராரைக் கூப்பிடுகிற மாதிரி.

மூன்றாவது: "ஏங்க, இது எப்ப நடந்துச்சு?" என்று அவள் கேட்டாள்.

இது நிற்கிறது. ஆனால் இந்தக் கேள்வி உங்களுக்குப் புரிய வேண்டுமென்றால் நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

3

அவள் என்றால் கடையில் கேட்ட அந்த வயதான குரல்தான். அவள் வீட்டுக்காரர் பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்கு ஆங்கிலச் சொற்கள் கற்றுக்கொடுக்கிறவர். பிள்ளைகள் வைத்த பெயர் வேர் மாஸ்டர். சொல்லைத் தனித்தனியாக உருப்போடாதே, குடும்பத்தோடு பிடி என்பது அவர் வழி. 'மிட்' பாடம் எடுக்கும்போது வகுப்பு இப்படி இருக்கும்:

"லத்தீன்ல ஒரு வினை. அனுப்பு, போக விடுன்னு அர்த்தம். தாத்தா போய்ப் பல நூறு வருஷம் ஆச்சு, பேரன் பேத்தி மட்டும் உலகம் பூரா. ஒரு கிளைக்கு மிட்னு பேரு, இன்னொரு கிளைக்கு மிஸ்னு பேரு. அட்மிட் யாரு? உள்ள அனுப்புறவன். பர்மிட்? ஊடே போக விடுறவன். டிஸ்மிஸ்? கலைச்சு அனுப்புறவன். ப்ராமிஸ்? சொல்லை முன்னால அனுப்பிட்டு, ஆள் பின்னால வர்றவன்."

"வரலைன்னா சார்?"

"அப்ப அவன் உன்னை மாதிரி. உட்காரு. மெசேஜ் யாரு? ஜாடை தெரியாது; பிரெஞ்சுக்காரங்க வீட்டுல வளர்ந்தவன். ஆனா ரத்தம் இதே ரத்தம். மெஸ் யாரு?"

"நாங்க சாப்பிடற மெஸ்ஸா சார்?"

"அதேதான். மேஜைக்கு அனுப்பி வச்ச சாப்பாடு. ஒண்ணுவிட்ட சித்தப்பான்னு வச்சுக்க. பத்திரிகை வைக்க மறந்துடுவோம். சாப்பாட்டு நேரத்துக்குக் கரெக்டா வந்துடுவாரு."

(மிஸ்டேக் இந்தக் குடும்பம் இல்லை. முகஜாடை மட்டும்தான். இதை மாஸ்டர் வருஷத்துக்கு ஒரு தடவை அடித்துச் சொல்வார், பிள்ளைகள் வருஷத்துக்கு ஒரு தடவை மறப்பார்கள்.)

4

அவர் எழுதிய வேர்ச்சொல் புத்தகம் மூன்று பதிப்பு ஓடிவிட்டது. அது உருவாகும் விதம் இப்படி. ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. அட்டையில் சொல், பொருள், ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம். மாஸ்டர் பென்சிலில் எழுதுவார். அவர் கையெழுத்து கோழி கிளறின குப்பை. அதனால் அவள் அதைப் பேனாவில் பிரதி எடுத்து டிடிபி கடைக்குக் கொண்டு போவாள். முப்பது வருஷமாகப் பென்சில் அவர், பேனா அவள்.

ஒரே ஒரு சட்டம் உண்டு. வாக்கியம் இந்த வீட்டில் நடந்ததாக இருக்க வேண்டும். "நடக்காததை எழுதினா பிள்ளைங்க மண்டையில நிக்காது. பொய்க்கு வேர் கிடையாது" என்பார். ராஜா வேட்டைக்குப் போனார் என்றெல்லாம் அந்தப் புத்தகத்தில் பார்க்க முடியாது.

வீட்டில் அதிகமாக எதையாவது நடத்திக்கொண்டிருந்தது மகள்தான். வீட்டில் அவளுக்குப் பெயர் வாலு. அதனால் புத்தகம் பூராவும் அவள்தான். அட்மிட் அட்டையில், 'கண்ணாடியை உடைத்தது தான்தான் என்று என் மகள் ஒப்புக்கொண்டாள்.' அப்போது அவளுக்கு ஆறு வயது. ஒமிட் அட்டையில், 'என் மகள் கணக்கில் ஒரு படியை விட்டுவிட்டாள்.' ப்ராமிஸ் அட்டை அவள் வேலைக்கு வெளியூர் போன பிறகு எழுதியது. 'ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் செய்வதாக என் மகள் வாக்குக் கொடுத்திருக்கிறாள்.' ஆங்கிலத்தில் இருப்பவற்றை உங்களுக்குத் தமிழில் தருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"என்னைப் பரீட்சைக்கு விக்கிறீங்கப்பா" என்று வாலு சிரிப்பாள். "எனக்கு ராயல்டி எங்க?"

இருபத்து மூன்று வயதில், தங்கியிருந்த விடுதியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பதினோரு நாள். அப்பாவும் அம்மாவும் அங்கே போய் இறங்கியபோது அவளுக்கு ஆள் அடையாளம் தெரிந்தது. மறுநாள் தெரியவில்லை. அதற்கடுத்த நாள்

(இந்த வாக்கியத்தை முடிக்காமல் விடுகிறேன். உங்களுக்குத் தெரிந்துவிட்டதே.)

5

இரண்டு வருஷம் கழித்து நான்காம் பதிப்பு. மாஸ்டர் பழைய அட்டைகளைத் திருத்தி, புதுசு சேர்த்து, வேர் வேராகக் கட்டி மேஜையில் வைப்பார். அவள் மத்தியானம் சமையல் முடிந்ததும் உட்கார்ந்து பேனாவில் எழுதுவாள். 'என் மகள்' என்று எழுதுகிற ஒவ்வொரு முறையும் கை கொஞ்சம் நின்று போகும். ஆனாலும் அதில் ஒரு சுகம் இருந்தது. கண்ணாடி உடைகிறது, கணக்கில் படி விட்டுப் போகிறது. எல்லாம் நடந்தது. யாரும் அதைப் பிடுங்க முடியாது.

மிட் கட்டு வந்தது. கண்ணாடி, கணக்கு, ஞாயிற்றுக்கிழமை போன். அதற்குப் பின்னால் இன்னும் பழுப்பேறாத மூன்று புது அட்டைகள்.

மெசேஜ்: 'பத்திரமாக வந்து சேர்ந்தேன் என்று என் மகள் மெசேஜ் அனுப்பினாள்.' இது எப்போது என்று யோசித்தாள். இருக்கலாம், எத்தனையோ அனுப்பியிருக்கிறாள்.

கமிட்டி: 'என் மகள் தன் அலுவலகத்தில் ஒரு கமிட்டியின் தலைவி.' வாலு வேலையில் இருந்ததே எட்டு மாசம். பேனாவை மூடினாள்.

அட்மிஷன்: 'என் மகள் தன் மகனுக்குப் பள்ளியில் அட்மிஷன் வாங்கிவிட்டாள்.'

அவள் அந்த அட்டையை இரண்டு தரம் படித்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூன்றாம் தரம் படித்தாள், கண்ணாடி இல்லாமல் வேறு மாதிரி இருக்குமோ என்று.

6

இந்த இடத்தில் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். நாலு நாள் எடுக்கவில்லை.

காரணம் சொல்கிறேன். டிடிபி கடையில் அந்தக் குரல் அழவில்லை. சாவு என்ற சொல் அங்கே விழவே இல்லை. மகள் என்ற சொல்கூட விழவில்லை. அந்த அம்மாவுக்கு மகள் இருந்தால் எங்கேயோ நன்றாக இருப்பாள். வீட்டுக்குப் போனதும் அம்மா அவளோடு போனில் பேசியிருப்பாள். நான்தான் காய்ச்சலைக் கொண்டு வந்தேன். ஐந்து வரிக்கு ஓர் அழுத்தம் வேண்டும் என்று ஒரு பெண்ணைப் படுக்க வைத்தேன்.

மாஸ்டர் செத்தவளுக்கு நடக்காத வாழ்வை எழுதுகிறார். நான் உயிரோடு இருப்பவளுக்கு நடக்காத சாவை எழுதுகிறேன். எங்கள் இரண்டு பேரில் யாரைப் பார்த்து அவள் "இது எப்ப நடந்துச்சு" என்று கேட்கலாம்?

வாலுவைப் பிழைக்க வைத்துவிடலாமா என்று எழுதிப் பார்த்தேன். பன்னிரண்டாம் நாள் கண் விழிக்கிறாள், கஞ்சி கேட்கிறாள்… ஒரு பக்கம் போனது. கிழித்துவிட்டேன். கிழிக்கும்போது கை வலித்தது என்றால் நம்புவீர்களா?

7

"ஏங்க, இது எப்ப நடந்துச்சு?"

மாஸ்டர் வகுப்பு முடிந்து வந்து சட்டைப் பொத்தானை அவிழ்த்துக்கொண்டிருந்தார். "எது?"

"ஸ்கூல் அட்மிஷன்."

"எழுதும்மா. கடைக்காரப் பொண்ணு நாளைக்குக் கேட்டுருக்கு."

"நடக்காததை எழுதக் கூடாதுன்னு சொன்னது யாரு? பக்கத்து வீட்டுக்காரரா?"

அவர் உட்கார்ந்தார்.

"பிள்ளைங்க கேக்குதுங்க."

"என்னன்னு?"

"'சார், உங்க மக தொலைச்ச குடை கிடைச்சுதா'ன்னு. மூணாம் பதிப்புல குடை தொலைஞ்சது வருதில்ல? நான் என்னத்தைச் சொல்ல?"

"என்ன சொன்னீங்க?"

"கிடைச்சுடுச்சுன்னேன். வகுப்பே கை தட்டுச்சு."

"அவங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது. வருஷா வருஷம் புதுப் பிள்ளைங்க. மறுநாள், 'இப்ப என்ன செய்றாங்க சார்?' வேலைக்குப் போறான்னேன். அப்புறம் ஒருத்தி கேட்டா, கல்யாணம் ஆயிடுச்சான்னு." அவர் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். "அங்க நாப்பது பேருக்கு அவ இருக்கா. வாசப்படி ஏறி இங்க வந்தா இல்ல. நான் என்ன பண்றது, சொல்லு. தினமும் ஒருதடவை அவளை வாசல்ல இறக்கி வச்சுட்டு வர்றேன்."

அவளுக்குக் கோபம்தான் வந்தது. "மருமகன் என்ன வேலை பாக்கறாரு?"

"ஏய்…"

"இல்ல, சம்பந்தி வீடு எப்படின்னு தெரிஞ்சுக்கணுமில்ல? மாமியார்க்காரிக்குத் தகவலே இல்லாம கல்யாணத்தை முடிச்சிருக்கீங்க. பேரனுக்குப் பேராச்சும் வச்சாச்சா?"

"இல்ல."

"அது மட்டும் ஏன் பாக்கி?"

"அதை நீ வைப்பேன்னு விட்டு வச்சிருக்கேன்" என்றார்.

அவர் கேலியாகச் சொல்லவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

8

முடிவு, முதல் வகை: அவள் மூன்று அட்டைகளையும் எடுத்து அடுப்பில் போடுகிறாள். மாஸ்டர் பார்த்துக்கொண்டே நிற்கிறார். நல்ல நெருப்பு, நல்ல காட்சி. ஆனால் மறுநாள் காலையில் வகுப்பில் ஒருத்தி கை தூக்கி, "சார், உங்க மக…" என்று ஆரம்பிப்பாளே, அப்போது அவர் கூட யார் நிற்பது?

முடிவு, இரண்டாம் வகை: அவள் எழுதிவிடுகிறாள். பேரனுக்குப் பெயரும் வைக்கிறாள். ஐந்தாம் பதிப்பில் அவன் மூன்றாம் வகுப்பு, ஆறாம் பதிப்பில் மீசை. இரண்டு பேரும் மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு வம்சத்தையே வளர்க்கிறார்கள். படிக்கிறவர்களுக்கு இனிக்கும். எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த வீட்டில் பிறகு நிஜமான வாலுவுக்கு இடம் ஏது? கண்ணாடியை உடைத்தவள், ராயல்டி கேட்டவள்? புது மகள் வந்து பழைய மகளைத் தள்ளிவிடுவாள்.

இதை நான் கண்டுபிடித்ததாக நினைத்தேன். இல்லை. அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. பிறகு அவள் பேசியதிலிருந்துதான் எனக்குத் தெரிந்தது.

9

"ஒண்ணு செய்வோமா?" என்றாள்.

"சொல்லு."

"நீங்க நடந்தது ஒண்ணு எழுதுங்க. நான் நடக்காதது ஒண்ணு எழுதறேன்."

"எந்த நடந்தது?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. ரெண்டு வருஷமா உங்க வாயில இருந்து அந்த வார்த்தை வரலை. 'அன்னைக்கு', 'அதுக்கப்புறம்', 'அந்த ஊர்ல'… இப்படியே சுத்திச் சுத்திப் போறீங்க. நான் மட்டும் தனியா அதைச் சுமந்துக்கிட்டு இருக்கேன். அவ இல்லைங்கறது எனக்கு மட்டும் நடந்த மாதிரி."

"அதுக்கு இந்தப் புத்தகத்துல இடம் இல்லம்மா. எந்த வேர்ல போய் வைப்பேன்?"

"வேர் வேணாம். அச்சுக்கும் போக வேணாம். ஓர் அட்டை. பென்சில்தானே? நீங்க அதை எழுதினா, அட்மிஷன் அட்டையை நான் பேனாவுல எழுதறேன். பேரும் வைக்கறேன்."

"மிரட்டறியா?"

"துணைக்குக் கூப்பிடறேன்."

வெற்று அட்டை ஒன்றை அவர் முன்னால் நகர்த்தினாள். அவர் பென்சிலை எடுத்தார். கூர் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. 'என் மகள்' என்று எழுதினார். நூற்றுக்கணக்கான அட்டைகளில் எழுதிப் பழகிய சொற்கள். கை தன்னால் எழுதிவிட்டது. அதற்கடுத்த இடத்தில் பென்சில் நின்றது.

அவள் எதிரில் உட்கார்ந்து, பேனா மூடியைத் திறந்து, அட்மிஷன் அட்டையை முன்னால் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

இதற்குமேல் இரண்டு பேரும் பேசவில்லை. நான் பலநாள் காது கொடுத்துப் பார்த்துவிட்டேன். பேச்சு இல்லாத இடத்தில் எனக்குக் கதை இல்லை. அடுத்த சொல்லை நான் போட்டால் அது அவர் எழுதியதாக இருக்காது. நான் இன்னொரு தடவை அந்தப் பெண்ணைக் கொன்றதாக இருக்கும். போடாவிட்டால் அவள் அந்தப் பேனாவோடு அப்படியே உட்கார்ந்திருப்பாள், மை காயக் காய.

நீங்கள் இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், மேஜையில் மூன்றாவது நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. உட்காருங்கள். அவர் உங்களைத்தான் பார்க்கிறார். என்ன சொல் என்று அவருக்குத் தெரியும். அதைப் படிக்கப் பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்.