கரையின் கால்

“கரையோட காலை, அதான் அடிமண்ணை, யாரும்மா வெட்டினது?” என்று ஓவர்சியர் குடிசைக்காரப் பெண் அம்சவல்லியிடம் கேட்டார்.

ஐப்பசி மழையில் வாய்க்கால் கரை வயல் பக்கமாகச் சரிந்து, அதன் மேலிருந்த ஏழு குடிசைகளையும் இழுத்துக்கொண்டு போயிருந்தது. அந்த இடத்துக்குத்தான் சர்க்கார் பட்டா தருவதாக இருந்தது. குடிசைக்காரர்களே கரையை வெட்டியிருந்தால் பட்டா கிடையாது.

நடவுக்கு முன்னால் வரப்பின் பக்கத்தைச் சீவி அண்டை வெட்டுவது வழக்கம். மிராசுதார் வைத்தியலிங்கம் தன் வயலை ஒட்டிய அந்தக் கரையையும் வரப்பைப் போலவே சீவச் சொன்னார். வருஷத்துக்கு ஒரு சாண் அவர் வயல் அகலமாயிற்று. சாய்வாக இருந்த கரை சுவர் மாதிரி நின்றது. சீவியவர் அம்சவல்லியின் அப்பா அரசப்பன்.

“படிச்ச பொண்ணுதானே, பயப்படாமச் சொல்லு.”

“எட்டாவதோட நின்ன படிப்பு சார் அது,” என்று மிராசுதார் சிரித்தார்.

அவள் தலை நிமிராமல் சொன்னாள்: “ஐயா வெட்டச் சொன்னாங்க. எங்கப்பா வெட்டினாரு.”

ஓவர்சியர் எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினார். ‘கரையை வெட்டியவர் குடிசைவாசி அரசப்பன்’ என்று மட்டும் இருந்தது.

“ஐயா சொன்னது இதுல இல்லீங்களே.”

“சொன்னதுக்குச் சாட்சி யாரு? வெட்டினது யாருன்னுதானே கேட்டேன்.”

“நீங்க சொல்லுங்கப்பா,” என்றாள் அவள், பக்கத்தில் நின்ற அரசப்பனிடம்.

“அரசப்பா, வயல்ல விழுந்த மண்ண அள்ளணுமே,” என்றார் மிராசுதார்.

அரசப்பன் மகளை ஒரு தரம் பார்த்தார். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கிப் போனார்.