கிளீட்டஸ் செய்த இரவு விளக்கு

இனயம் கடற்கரையில் கிளீட்டஸைப் போல வலை லைட் சரிபண்ண ஆளில்லை என்று யார் சொன்னது என்று கேட்டால், கிளீட்டஸ்தான் சொன்னான். கடலில் வலை கிடக்கும் இடம் தெரிய மிதவையில் கட்டுவார்களே, மினுங்கி மினுங்கி எரியும் சின்ன எல்.இ.டி. விளக்கு, அதுதான். பழுதானால் அவனே சால்ட்ரிங் வைத்துச் சரியாக்கிவிடுவான். அந்தத் தைரியத்தில்தான் மகளுக்கு இரவு விளக்கு செய்ய உட்கார்ந்தான்.

மகள் அஜிதாவுக்கு ஆறு வயது. தாய் பெமிலா குவைத்துக்கு வேலைக்குப் போனதிலிருந்து பிள்ளை பக்கத்து வீட்டில், கிளீட்டஸின் அண்ணன் மனைவியான பெரியம்மை ரீத்தாவோடுதான் படுக்கிறாள். இப்போது மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் கிடக்கிறது, கிளீட்டஸ் வீட்டில் இருக்கிறான். இந்த நாட்களிலாவது பிள்ளை தன் வீட்டில் தூங்க வேண்டும் என்று அவனுக்கு ஒரே ஆசை. ஒரு முறை கூட்டிவந்தும் பார்த்தான். நடுத் தூக்கத்தில் விழித்து அவள் போட்ட கூப்பாட்டில் தெருவே எழுந்துவிட்டது. ரீத்தாவிடம் கொண்டுபோய் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பினான். பிள்ளைக்கு இருட்டைக் கண்டால் பயம், அவ்வளவுதான் என்று அவனே தீர்ப்பும் எழுதிக்கொண்டான்.

பழைய வலை லைட்டுகளைப் பிரித்து மூன்று வெள்ளை எல்.இ.டி.யை அவற்றின் சின்னப் போர்டோடு எடுத்தான். ஈயப் புகைக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு போன் சார்ஜர் வயரோடு பற்றவைத்தான். ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் இறக்கி, தண்ணீர் புகாமல் விளிம்பெல்லாம் எம்சீல் பசை வேறு பூசினான். வீட்டுக்குள் எந்த அலை வந்து அடிக்கப்போகிறதோ!

மத்தியானம் ஜன்னலையெல்லாம் அடைத்துவிட்டு அஜிதாவைக் கூப்பிட்டான். ரீத்தாவும் கூடவே வந்தாள். சுவிட்சைப் போட்டான். விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது, அணைந்தது.

"இஞ்ச யாரு வலை போட்டிருக்கா?" ரீத்தா சிரித்தாள்.

"மினுங்கினாத்தான் மைனி, விளக்கோட வெட்டம் கண்ணுல படும்" என்றான் கிளீட்டஸ் முறைப்பாக.

அஜிதா சிரிக்கவில்லை. விளக்கைப் பார்க்கவும் இல்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது வேண்டாம்ப்பா. எரியும்போ நீங்க இருக்கிய. அணைஞ்சா காணல்ல."

"நான் இஞ்சதானே இருக்கேன் மக்களே?"

"நான் உறங்கும்போதானே எப்பவும் கடலுக்குப் போவிய. அம்மையும் அப்படித்தான் போனா. முழிச்சா ஆளு காணாது."

கிளீட்டஸ் ஜன்னலைத் திறந்துவிட்டு சுவிட்சை அணைத்தான். பிள்ளை அழுகிற முகத்தைப் பார்த்துவிட்டுப் படகேற முடியாது என்றுதான் இத்தனை காலமும் அவள் தூங்கும்போது நழுவினான். அதைப் பாசம் என்று நினைத்திருந்தான். இப்போது வெட்கமாக இருந்தது.

எம்சீலைக் குத்திப் பெயர்த்தான். மினுங்க வைக்கும் சின்னப் போர்டைக் கழற்றி எறிந்துவிட்டு, நடுவில் ஒரு ரெசிஸ்டர் வைத்து வயரை நேராகப் பற்றவைத்தான். விளக்கு இப்போது நின்று எரிந்தது. அதை, தான் படுக்கும் பாயின் மேல் வெளிச்சம் விழும்படி திருப்பி வைத்தான்.

"தடை முடிஞ்சு போவும்போ, உன்னை எழுப்பிச் சொல்லிட்டுத்தான் போவேன்" என்றான்.

"நான் கரைஞ்சாலுமா?"

அவன் பயந்ததே அந்த அழுகைக்குத்தான்.

"கரைஞ்சாலும்."

அஜிதா பெரியம்மை வீட்டுக்கு ஓடினாள். திரும்பி வரும்போது கையில் தலையணை இருந்தது.