இரண்டாம் ஓலைக்கு முந்தின வெள்ளிக்கிழமை

1

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். சாந்தி மேரி கிணற்றடித் துவைகல்லில், கழுத்தைச் சுற்றிப் பழைய துண்டோடு. அவள் முதுகுப்பக்கம் அம்மா அமலோற்பவமேரி, நின்றபடியே. அப்பா சவரியார், கோயில் உபதேசியார், கொல்லை வாசற்படியில், கையில் மடிப்பு மடிப்பாக ஒரு தாள். பக்கத்து வீட்டுப் பூங்காவனம் கவிழ்த்த அண்டாவின் மேல். ஏலாக்குறிச்சிக்கு இரண்டு மைல் தள்ளிய ஊர். 1978, தை மாதம், காலை ஒன்பது மணி.

நான் அங்கே இல்லை. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற பஸ்ஸில் முன்சீட்டுப் பெண்ணின் முக்காடு காற்றில் விலகியபோது, காதோரத்தில் துருப்பிடித்த கம்பியின் நிறத்தில் முடி தெரிந்தது. வெடுக்கென்று இழுத்து மூடிக்கொண்டாள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பெயர், கிணறு, அப்பா எல்லாம் நான் கொண்டுவந்து வைத்தவை. அவளுக்கு வந்த கஷ்டமும் நான் வைத்ததுதான். அதை நினைத்தால் பேனா ஓடுவதில்லை.

2

தொடங்கிப் பார்த்த வாக்கியங்கள்:

"சாந்தி மேரிக்கு இருபது வயதில் முதல் நரை"

[டாக்டரிடம் ஒப்பிப்பது போல இருக்கிறது. விட்டுவிட்டேன்.]

"வெள்ளி இழையோடிய அவள் கூந்தல்"

[பொய். நரைக்கு அழகு சொல்கிறவர்கள் இருபத்துநாலு வயதில் அதை வைத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டார் முன்னால் நின்றிருக்கமாட்டார்கள்.]

அவள் நின்றாள். அரியலூர் ரயில்வே பார்சல் ஆபீஸ் குமாஸ்தா பாக்கியராஜ் வீட்டிலிருந்து பெண் பார்க்க வந்த அன்று, அம்மா விளக்கு மையை விளக்கெண்ணெயில் குழைத்து வகிடு முதல் நுனி வரை தடவியிருந்தாள். மாப்பிள்ளையின் தாயார் பின்னலைக் கையில் எடுத்துப் பார்க்கப் போனார். நல்லவேளை, அந்தம்மா எடுக்காமலே, முடி கருகருவென்று இருக்கிறது என்று சொல்லி வெற்றிலையை மாற்றிக்கொண்டார். போன ஞாயிறு பூசையில் முதல் ஓலை வாசித்தாயிற்று.* வருகிற ஞாயிறு இரண்டாவது. அந்தப் பூசைக்குத் தாயாரும் மாப்பிள்ளையும் வருகிறார்கள். பூ வைத்துவிட்டுப் போவார்கள். பூ வைக்கிற கை தலையைத் தொடும்.

* வேதக்காரர்களில், அதாவது கத்தோலிக்கரில், கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, இன்னாருக்கும் இன்னாருக்கும் மணம் என்று கோயிலில் வாசிப்பார்கள். தடை ஏதாவது தெரிந்தவர்கள் பங்குச்சாமியாரிடம் சொல்லவேண்டும். முப்பது வருஷமாக அந்த ஓலையை வாசித்தவர் சவரியார்தான். நரை ஒரு தடையா என்று அவரை யாரும் கேட்டதில்லை. சாந்தி மேரி கேட்க நினைத்திருக்கிறாள்.

3

அரியலூர் மருந்துக்கடையில் கறுப்புச் சாயம் கிடைக்காதா என்று நீங்கள் கேட்பீர்கள். கிடைக்கும். உபதேசியார் மகள் சாயம் வாங்கினாள் என்கிற பேச்சு அவளுக்கு முந்தின பஸ்ஸில் ஊருக்கு வந்துவிடும்.

சாயம் வேறு வழியில் வந்தது. வருஷத்துக்கு ஒரு தரம் வெளிநாட்டிலிருந்து கோயிலுக்குப் பெட்டி வரும்: பழைய கோட்டு, கம்பளிச் சட்டை, கிறிஸ்மஸ் அட்டை. பிரித்து அடுக்குவது அமலோற்பவமேரியின் வேலை. இந்தத் தடவை ஒரு கோட்டுப் பையில் சீல் உடையாத ஒரு டப்பா. மேலே, மஞ்சள் முடி தோளில் புரள ஒரு வெள்ளைக்காரி சிரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே இரண்டு புட்டிகள், ஒரு தாள். தாளில் இருந்தது இங்கிலீஷ் இல்லை.

உபதேசியாருக்கு லத்தீன் செபங்கள் மனப்பாடம். எழுத்து அதே எழுத்து என்பதால் தாளை அவர் கையில் கொடுத்தார்கள். அவர் அதில் ‘ஆக்வா’ என்ற ஒரு சொல்லைக் கண்டுபிடித்து, தண்ணி விட்டுக் கலக்கணும் என்றார். முப்பது என்று ஓர் எண் இருந்தது. அது நிமிஷம் என்றார். இரண்டும் சரிதான்.

மஞ்சள் முடிக்காரி படம் போட்டிருக்கிறதே என்று கேட்டவள் பூங்காவனம். அந்த நால்வரில் அவளுக்குத்தான் சந்தேகம் வந்தது.

"அவளுக்குப் பொறப்புலயே மஞ்ச முடி. நரைச்சிருக்கும். இதப் போட்டதும் பழைய நெறம் வந்துருக்கு" என்றார் சவரியார், ஞானோபதேச வகுப்பில் சொல்வது போல. "நமக்குப் பொறப்புல என்ன நெறம்?"

"கறுப்புங்க உபதேசியாரே."

"அவ்வளவுதான். அவங்கவங்க நெறத்த அவங்கவங்களுக்குத் திருப்பிக் குடுக்குற மருந்து இது."

இந்த இடத்தில் அவரை முட்டாளாக்கிவிடலாம். எனக்கு மனசு வரவில்லை. அந்தக் கொல்லையில் நான் இருந்திருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன்.

4

இரண்டு புட்டியையும் கலந்து அம்மா தலை முழுக்கத் தடவினாள். வீட்டில் கடிகாரம் பழுது. ஒரு செபமாலை சொன்னால் இருபது நிமிஷம்; முப்பதுக்கு ஒன்றரை. பாதியில் நிறுத்தக்கூடாது என்பதால் இரண்டாகச் சொன்னார்கள். உபதேசியார் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறவர். வெள்ளிக்கிழமை என்பதால் துக்க தேவ இரகசியங்கள், சிலுவைப்பாடுகளைத் தியானிக்கிற செபம்.

[முள்முடி தியானத்தில் அவள் தலை எரியத் தொடங்கியது என்று எழுதியிருந்தேன். ஜோடித்தது போலப் பட்டதால் அடித்துவிட்டேன். முதல் செபமாலை முடிவதற்குள்ளேயே எரிந்தது.]

சாந்தி மேரி சொல்லவில்லை. எரிந்தால் வேலை செய்கிறது என்று நினைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு மணிகளை எண்ணினாள்.

நாலு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். வெயிலில் முடி காயக் காய நிறம் தெரிந்தது. கறுப்பாக இருந்த முடி செங்கல் நிறம். நரைத்திருந்தது வெளிர் மஞ்சள். அம்மா ஒரு கற்றையை விரலால் கோதினாள். அது கையோடு வந்தது. உச்சியில் கொப்புளம்.

"தேங்கா நாராட்டம் ஆயிப்போச்சேடி" என்றாள் பூங்காவனம். பிறகு, சிரிக்கவைக்க நினைத்திருக்கவேண்டும், "ஒங்க கோயில்லதான் முக்காடு உண்டே. அப்புடியே மூடிக்கிட்டுத் தாலியக் கட்டிக்க."

சாந்தி மேரி சிரிக்கவில்லை. கிணற்றுக்குள் குனிந்து பார்த்தாள். அம்மா ஓடிப்போய் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகம் பார்க்கத்தான் குனிந்தாள் என்று எழுதியிருக்கிறேன். எனக்கே அது நிச்சயமில்லை.

5

இப்போது இன்னொரு சாயம் எதுவும் அந்தத் தலையில் படமுடியாது. விளக்கு மை கூட. சவரியார் உள்ளே போய் ஒரு இன்லண்டு லெட்டர் எடுத்துவந்து எழுதத் தொடங்கினார்: ஏலாக்குறிச்சி மாதாவுக்கு மகள் முடி இறக்குவதாக நேர்ந்திருக்கிறாள், காணிக்கை செலுத்தாமல் தாலி ஏறக்கூடாது, ஆகவே ஆறு மாதம்...

ஊரில் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். வருஷம் முழுக்க அங்கே மொட்டை விழுகிறது. எழுதுகிற கைதான் சொல்லுக்குச் சொல் நின்றது. பொய் சொல்லாதிருப்பாயாக என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எழுதிக்கொடுத்த கை.

"மாதா பேர்ல வேணாம்ப்பா" என்றாள் சாந்தி மேரி. "மொட்ட போட்டா மட்டும் கறுப்பாவா மொளைக்கும்?"

அவர் பேனாவை மூடினார்.

6

முடிவுகள்.

பாக்கியராஜ் சைக்கிளில் வந்து இறங்கி, தன் தொப்பியைக் கழற்றி, தன்னுடைய

[இல்லை. அவன் தலையிலும் நரை வைத்தால் இது கதை இல்லை, சமாதானம்.]

அவன் வருகிறான், பரவாயில்லை என்கிறான். [மூன்று தடவை எழுதினேன். மூன்று தடவையும் அவன் தாயார் பின்னாலேயே வந்து நின்றார்.]

ஞாயிறு பூசையில் அந்த ஓலை மட்டும் வாசிக்கப்படவில்லை. எல்லோரும் திரும்பி ஒரு முக்காட்டைப் பார்க்கிறார்கள். [இது தானாக எழுதிக்கொண்டது. கிழித்துப் போட்டேன்.]

நான் முடித்துவைக்கப் போவதில்லை. என்னிடம் இருக்கிற முடிவுகளில் அவளுக்கு ஆகக்கூடியது ஒன்றுமில்லை. உங்களிடம் இருந்தால் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் வரைக்கும்தான் எனக்குத் தெரியும்.

7

அவளே எழுதினாள், கோடு போட்ட தாளில்.

"பாக்கியராஜ் அவர்களுக்கு. நீங்கள் பார்க்க வந்த அன்று என் தலையில் இருந்தது விளக்கு மை. எனக்கு இருபது வயதிலிருந்து நரை. இன்று மருந்து போட்டதில் இப்படி ஆகிவிட்டது. ஒரு கற்றை வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள்ளவும். இரண்டாம் ஓலை வாசிக்கலாமா வேண்டாமா என்று ஞாயிறு பூசைக்கு முன் சொல்லியனுப்பவும். சாந்தி மேரி."

சவரியார் நின்றபடியே படித்தார்.

"இத அனுப்பிச்சா வரமாட்டாங்க சாந்தி."

"தெரியும்ப்பா."

அம்மா அடுப்படியிலிருந்து நாலு சோற்றுப் பருக்கை கொண்டுவந்தாள். சாந்தி மேரி கற்றையைத் தாளுக்குள் மடித்து, கவரில் போட்டு, பருக்கையைத் தேய்த்து ஒட்டினாள். ஓரம் பிரியாமல் கட்டைவிரலால் இரண்டு தரம் அழுத்தினாள். விலாசத்தை அப்பா எழுதினார். அவர் கையெழுத்துதான் தபால்காரருக்குப் புரியும்.

தபால் பை ரெண்டு மணி பஸ்ஸில் ஏறும். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒன்றரைக்கே போய்ப் பெட்டியின் வாயில் கவரை நுழைத்தார் சவரியார். பாதி உள்ளே போனபிறகும் விரல் விடவில்லை. பின்னால் ஒருவர் கார்டோடு வந்து, "போட்டாச்சுங்களா?" என்றார்.

சவரியார் விரலை விட்டார்.