பிளாப்பிக்கு வைத்த குங்குமம்

பதினோரு வருஷம் கழித்து ஒருத்தி வருகிறாள் என்றால் முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக்கூடாதா? மூன்று நாள் தாடியோடு தரையில் உட்கார்ந்து, பிரிண்டரில் சிக்கிக்கொண்ட பேப்பரைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். கை முழுக்கக் கருப்பு மை. அந்த லட்சணத்தில் நான் இருக்கும்போதுதான் கல்பனா கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு கடைக்குள் வந்தாள்.

என் கடை திருத்தணியில் மலைக்குப் படி ஏறுகிற வழியில் இருக்கிறது. பிரௌசிங், ஜெராக்ஸ், ரயில் டிக்கெட் எல்லாம் உண்டு. எங்களுடையது நாலு தலைமுறையாக மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைக்கிற குடும்பம். நான் ஒருத்தன்தான் கரண்டியை விட்டுவிட்டு மௌசைப் பிடித்தவன். அது 2008 தை மாதம். அவளோடு ஐந்து வயசுப் பெண் குழந்தை வந்திருந்தது. புதிதாக அடித்த மொட்டையில் சந்தனம்கூட இன்னும் காயவில்லை. அவள் புருஷன் எதிர் ஓட்டலில் டிபன் பார்சல் வாங்கிக்கொண்டிருந்தான்.

ஒரு ஜெராக்ஸ் வேண்டும் என்றாள். எதை என்று கேட்டால் கைப்பையைத் துழாவி ஒரு பஸ் டிக்கெட்டை நீட்டினாள். பஸ் டிக்கெட்டை உலகத்தில் யாராவது ஜெராக்ஸ் எடுப்பார்களா? நானும் மடையன் மாதிரி எடுத்துக் கொடுத்தேன். பெங்களூரில் இருக்கிறாளாம். புருஷன் இன்றைக்கே திரும்பிவிடுவானாம். அவள் ஞாயிறு காலைவரை அம்மையார்குப்பத்தில் அம்மா வீட்டில் இருப்பாளாம். அதற்குள் ஓட்டல் வாசலிலிருந்து அவன் கைகாட்டிவிட்டான். கதவுவரை போனவள் திரும்பி நின்றாள்.

"அந்த பிளாப்பி குடுத்தனே, போட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்றேன்.

பொய். நான் பார்க்கவே இல்லை. அந்த 'பாத்தீங்களா'வில் இருந்த மரியாதையே என்னைக் குத்திவிட்டது, அந்தக் காலத்தில் அவள் என்னை 'சாயி', 'நீ' என்றுதான் கூப்பிடுவாள். நான் சொன்னதைக் கேட்டதும் அவள் முகம் சட்டென்று விழுந்துபோனது. "ஆங், சரி" என்று மட்டும் சொன்னாள். குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்தாள். வண்டி வருகிறதா என்றுகூடப் பார்க்கவில்லை.

ஏன் பொய் சொன்னேன் என்று சொல்லவேண்டுமானால் 1996-க்குப் போகவேண்டும். அப்போது எங்கள் ஊரில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தவர் துளசிங்கம் சார் ஒருத்தர்தான். பஜாரில் ஒரு மாடி அறை, அதில் எதிரெதிர்ச் சுவரைப் பார்த்தபடி இரண்டு கம்ப்யூட்டர்கள். கல்பனா அம்மையார்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். அவள் நைனா ஜெகநாதன் பவர்லூம் ஓட்டுகிறவர், மகளை ஆபீஸ் நாற்காலியில் உட்காரவைத்துப் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டவர். எனக்கும் அவளுக்கும் ஒரே நேரத்து வகுப்பு. பாடத்தைச் சீக்கிரம் முடித்தவர்கள் கடைசி அரைமணி நேரம் விமானம் ஓட்டலாம் என்பது சார் வைத்த சட்டம். அதற்காகவே நாங்கள் இரண்டு பேரும் பேய் மாதிரி டைப் அடித்துப் பாடத்தை முடிப்போம்.

சாரிடம் இருந்தது ஒரு ஃப்ளைட் சிமுலேட்டர், மூன்று பிளாப்பியில். இரண்டு கம்ப்யூட்டருக்கும் நடுவே ஒரு கேபிள் போட்டுவிட்டால் என் விமானம் அவள் திரையில் தெரியும், அவளுடையது என் திரையில் தெரியும். அமெரிக்காவில் ஏதோ ஓர் ஏரிக்கரையிலிருந்து கிளம்புவோம். அறையில் நாங்கள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்போம், திரையில் இறக்கையோடு இறக்கை ஒட்டிப் பறப்போம். பஜாரில் நானும் அவளும் சேர்ந்து பத்து அடி நடந்தால் அன்றைக்குச் சாயங்காலமே மலைமேல் சேதி போய்விடும். திரைக்குள், அந்த அரைமணி நேரம், எங்களைக் கேட்க ஆளில்லை. ஒருநாள் அவள் ஸ்கூல் அட்லாஸ் ஒன்றைக் கொண்டுவந்து திருத்தணியின் அட்சரேகை தீர்க்கரேகையைக் கணக்குப் போட்டு அடித்தாள். விமானம் இங்கேயே வந்து நின்றது. மலையும் இல்லை, கோயிலும் இல்லை. தட்டையாக ஒரே பச்சை. "நல்லா கீது இல்ல, யாருமே இல்ல" என்றாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான். இன்றைக்குவரை அதில் மாற்றமில்லை. எனக்குக் கல்யாணம் ஆகாததற்கு ஜாதகம்தான் காரணம் என்று அம்மா சொல்லிக்கொள்கிறாள், சொல்லட்டும்.

அந்த வருஷம் ஆயுத பூஜை அன்றைக்குக் காலையில் கல்பனா ஒரு நீல பிளாப்பியை என் கையில் வைத்தாள். விமானம் நிற்கிற நிலையை அப்படியே சேமித்து வைக்கலாம், கூடவே ஒரு குறிப்பும் எழுதலாம். முந்தின நாள் அப்படி எதையோ சேமித்திருக்கிறாள். பூஜை முடிந்ததும் முதல் வேலையாகப் போட்டுப் பார், வேறு யாரையும் பார்க்க விடாதே என்றாள். முகம் சிவந்திருந்தது. நின்று பேசாமல் பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள்.

பூஜைக்கு வைத்த இயந்திரத்தை மறுநாள் விஜயதசமிவரை தொடக்கூடாது. சரி, ஒருநாள்தானே என்று இருந்தேன். மானிட்டர், கீபோர்டு, பிளாப்பி டப்பா எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கிற வேலையைச் சார் என்னிடம் கொடுத்தார், கோயில் வீட்டுப் பிள்ளை அல்லவா. மற்றதுக்கெல்லாம் ஒரு பொட்டு வைத்தேன். அவள் பிளாப்பிக்கு மட்டும் மூன்று. சந்தனத்தை நன்றாகக் குழைத்து, இரண்டு பக்கமும் தடவி, அதன்மேல் தாராளமாகக் குங்குமம். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும். சந்தனத் தண்ணீர் பிளாப்பியின் வாயை மூடுகிற தகட்டுக்கு அடியில் இறங்கி, குங்குமம் உள்ளே போய்விட்டது. விஜயதசமி காலையில் போட்டால் டிரைவ் கரகரவென்று இரும்பு அறுக்கிற மாதிரி கத்தியது. ரீட்ரை, ரீட்ரை என்று நாற்பது தடவை அடித்தேன். செத்துப்போச்சு, தூக்கிப் போடு என்றார் சார்.

மறுபடி எழுதித் தரச் சொல்லலாம் என்று காத்திருந்தேன். கல்பனா அதற்கப்புறம் வகுப்புக்கு வரவே இல்லை. பத்து நாளில், அவளுக்குக் கல்யாணம் முடிவாகிவிட்டது என்று சேதி வந்தது. சொல்லாமல் போனாளே என்று எனக்கும் கோபம். பிளாப்பியைத் துணிப் பெட்டியின் அடியில் போட்டேன். கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறவன், உன் பிளாப்பியைச் சந்தனம் தடவிக் கொன்றேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? வெட்கம். அதனால்தான் அந்தப் பொய்.

இப்போது எனக்கு ஒன்று மட்டும் தெரியவேண்டியிருந்தது. எதைப் பார்த்தேன் என்று சொல்லி அவள் முகத்தை அப்படி ஆக்கினேன்? அதுவும் ஞாயிற்றுக்கிழமைக்குள்.

வெள்ளிக்கிழமை கனகம்மாசத்திரம் போனேன். துளசிங்கம் சார் அங்கே பஸ் ஸ்டாப் பக்கத்தில் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறார். பழைய சிமுலேட்டர் பிளாப்பிகளைப் பிஸ்கட் டப்பாவில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார், மகராசன். ஒரு பழைய டிரைவையும் கொடுத்தார். எதற்கு என்று கேட்டார். சும்மா என்றேன். சும்மாவுக்கு யாரும் இவ்வளவு தூரம் வரமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும், ஆனாலும் தோண்டவில்லை.

சனிக்கிழமை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். நீல பிளாப்பியின் கூட்டை பிளேடால் பிளந்து, உள்ளே இருந்த வட்டப் படலத்தை வெளியே எடுத்தேன். ஒரு பக்கம் குங்குமம் செம்மண் மாதிரி அப்பிக்கிடந்தது. ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து, குழந்தைக்கு முகம் துடைக்கிற மாதிரித் துடைத்தேன். இன்னொரு பிளாப்பியின் கூட்டுக்குள் அதை வைத்துப் போட்டேன். ஆறாவது தடவை அந்த ஃபைலின் பெயர் திரையில் வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, இதில் ஒளிக்க என்ன இருக்கிறது. ஆக, அது சாகவே இல்லை. பதினோரு வருஷத்தில் எந்த நாளில் துடைத்துப் போட்டிருந்தாலும் வந்திருக்கும். செத்துப்போச்சு என்று ஒருத்தர் சொன்னார், நான் நம்பிக்கொண்டேன்.

ஃபைல் கிடைத்தால் போதுமா? அதைத் திறக்கச் சிமுலேட்டர் ஓடவேண்டுமே. நோட்பேடில் திறந்தால் வெறும் கட்டம் கட்டமாக வந்தது. சிமுலேட்டரை நேராகப் போட்டால் திரை கறுத்து அப்படியே நின்றது. பழைய கம்ப்யூட்டர் போல நடிக்கிற ஒரு புரோகிராமை இன்டர்நெட்டிலிருந்து இறக்கி, அதற்குள் ஓட்டினேன். ஓடியது. ஆனால் என்ன ஓட்டம்! இன்றைய கம்ப்யூட்டருக்கு இருக்கிற வேகத்தில், நான் கீயைத் தொடுவதற்குள் விமானம் ஏரியில் விழுந்துவிட்டது. வேகத்தைக் குறைத்தேன், இன்னும் குறைத்தேன். எத்தனை தடவை முங்கினேன் என்று கணக்கில்லை. கடைசியில் என்ஜின் சத்தம் பழைய மாடி அறையில் கேட்ட அதே தாளத்துக்கு வந்தது. கை தானாகவே அவளுடைய ஃபைலைத் திறந்தது.

தட்டையான பச்சை. மலை இல்லாத திருத்தணி. நடுவில் அவள் விமானம் என்ஜின் ஓடியபடி நின்றது. பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியில் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்.

"எனுக்கு மாப்ள பாத்துட்டாங்க. விஜயதசமிக்கு மறுநாள் காலைல ஸ்டேஷன்ல நிப்பேன். நீ வந்தா எங்கியாவது போலாம். வரலன்னா உனுக்கு இஷ்டமில்லன்னு நெனச்சிக்கறேன். அப்புறம் இதப் பத்திப் பேச வேணாம்."

அந்த விஜயதசமிக்கு மறுநாள் காலையில் நான் மடப்பள்ளியில் அப்பாவுக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். ஸ்டேஷன் ஒன்றரைக் கிலோமீட்டர். ஓடியே போயிருக்கலாம். மேஜையில் தலையை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

அழுது முடித்ததும் ஒன்று தெளிவாகத் தோன்றியது. பார்த்துவிட்டும் வராமல் இருந்துவிட்டான் என்று அவள் இத்தனை வருஷமும் நினைத்திருக்கிறாள். மூன்று நாள் முன்னால் நானே என் வாயால் ஆமாம் என்றும் சொல்லிவிட்டேன். அந்த முள்ளைப் பிடுங்கிவிடவேண்டும். உண்மையைச் சொன்னால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மொபெட்டை எடுத்துக்கொண்டு அம்மையார்குப்பம் போனேன். தறிச் சத்தம் ரோட்டுவரை கேட்டது. அவளும் குழந்தையும் பையோடு பஸ்ஸுக்கு நின்றிருந்தார்கள். நல்லவேளை, கூட யாரும் இல்லை. நான் சுற்றி வளைக்கவில்லை.

"அன்னிக்கிச் சொன்னது பொய். நான் அதப் பாக்கவே இல்ல. நேத்துதான் பாத்தேன்."

அவள் என்னையே பார்த்தாள். சந்தனம், குங்குமம், கத்திய டிரைவ், பெட்டிக்கடியில் கிடந்த பிளாப்பி, எல்லாவற்றையும் சொன்னேன். குங்குமமா வெச்ச என்று கேட்டாள். உதட்டில் ஒரு சிரிப்பு வந்து, பாதியிலேயே நின்றுபோனது. அன்றைக்கு மூன்று ரயிலை விட்டுவிட்டு நின்றாளாம். நாலாவது வருவதற்குள் அவள் நைனா தேடிக்கொண்டு வந்துவிட்டாராம். அவர் அடிக்கவில்லை, திட்டவில்லை, வா என்று மட்டும் சொன்னாராம்.

தெருமுனையில் பஸ் திரும்பியது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"பாத்துட்டும் வரலன்னுதான் இத்தினி வருஷம் உன்னத் திட்டிகினு இருந்தேன். அந்தக் கோவத்துலதான் தாலி கட்டிகினேன், அந்தக் கோவத்துலதான் குடும்பம் நடத்துறேன். இப்ப வந்து அதையும் புடுங்கிகினு போறியே சாயி. இனிமே நான் எத வெச்சிகினு இருப்பேன்?"

பஸ் வந்து நின்றது. குழந்தையை ஏற்றிவிட்டு அவள் ஏறினாள். பையை எடுத்துக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள். நான் நின்ற பக்கம் ஜன்னலோரம் காலியாக இருந்தும் எதிர்ப் பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்தாள்.