முப்பத்தொரு வருஷ இரவல்

சுருட்டை செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த இடத்தில் நெட்டையின் மோதிரத்தை வாங்கித் தன் விரலில் போட்டுப் பார்த்தாள். வெள்ளி மோதிரம், நடுவில் மிளகளவு நீலக்கல். ஆசைப்படுகிற அளவுக்கு அதில் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அடுத்தவள் விரலில் இருக்கிற மோதிரத்துக்கு ஒரு தனி அழகு வந்துவிடுகிறதே, என்ன செய்ய?

இருவருக்கும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. ஒருத்தி நெடுநெடுவென்று உயரம், இன்னொருத்திக்குச் சீப்புக்கு அடங்காத சுருட்டைமுடி. அதனால் அங்கே யாரும் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சுருட்டைக்கு வெந்நீர்த் தொட்டியில் வேலை. காலையிலிருந்து ஊறிய விரல் உப்பிக் கிடக்கும் என்ற யோசனை அவளுக்கு வரவில்லை. போன மோதிரம் திரும்ப வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. சலவைக்கூடத்தில் சோப்புக்கா பஞ்சம்? கட்டி சோப்பு, தூள் சோப்பு, மெஷினுக்கு விடுகிற எண்ணெய், எல்லாம் பார்த்தாயிற்று. ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்ததில் விரல் சிவந்ததுதான் மிச்சம். மறுநாள் வீக்கம் வடிந்தும் மோதிரம் முட்டியைத் தாண்டவில்லை.

"விடுடி, விரலப் பிச்சு எடுத்துடாத. கழலும்போது குடு," என்றாள் நெட்டை. "எங்க அக்கா போட்டுவிட்டது. பத்திரமா வச்சுக்கோ."

அதற்கப்புறம் நெட்டைக்குக் கல்யாணமாகி ஊரின் மறுகோடிக்குப் போனாள். வேலையை விட்டாள், மூன்று பிள்ளை பெற்றாள், படுத்த படுக்கையாகக் கிடந்த மாமியாரைப் பார்த்துக்கொண்டாள். மூச்சுவிட நேரமில்லாத பிழைப்பு. ஆனாலும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறி சுருட்டை வீட்டில் வந்து நிற்பாள். வந்ததும் சுருட்டையின் கையைப் பிடித்துப் பார்ப்பாள்.

"கழண்டுச்சா?"

"இல்லடி."

வந்த காரியம் அத்தோடு முடிந்தது. பிறகு பொழுது சாயும்வரை பேச்சுத்தான். துவைக்கப்போட்ட டாக்டர் கோட்டுப் பையில் ஒரு காதல் கடிதம் கிடந்ததே, அதை இஸ்திரிப்பெட்டியால் காயவைத்து, ஒரு வரி விடாமல் படித்து, அழகாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார்களே, அந்தக் கதையை மட்டும் நூறு முறை பேசியிருப்பார்கள். கடிதத்தை வாங்கிக்கொண்ட டாக்டரின் முகம் போன போக்கை நெட்டை நடித்துக் காட்டுவாள். சுருட்டை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். சூடான படுக்கை விரிப்பை ஆளுக்கொரு முனையில் பிடித்து, மடித்து மடித்து, கடைசியில் முகத்துக்கு முகம் வந்து நிற்கிற அந்த நாட்கள் இருவருக்கும் வெல்லமாக இனித்தன.

உண்மையில் மோதிரம் கழன்று பதினொரு வருஷமாகிறது.

சுருட்டைக்கு டைபாய்டு வந்து ஆள் பாதியாக இளைத்திருந்த சமயம். முகம் கழுவும்போது அது தானாக வழுக்கி வாளிக்குள் விழுந்தது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டியவளுக்குப் பயம்தான் வந்தது. கணவர் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டைத் தேடி வருகிறவள் நெட்டை ஒருத்திதான். மோதிரத்தைக் கொடுத்துவிட்டால் இரண்டு பஸ் மாறி எதற்கு வரப்போகிறாள்? சுருட்டை வெள்ளை நூலை எடுத்து மோதிரத்தின் அடிப்பக்கம் இறுக்கிச் சுற்றி மறுபடி போட்டுக்கொண்டாள். நெட்டை கையைப் பிடிக்கும்போது விரலை லேசாக மடக்கிக்கொள்வாள். நூல் கறுத்துப்போனால் புதிது சுற்றுவாள். பொய்யும் பழகிப்போயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை நெட்டை வந்தாள், ஆனால் எதுவும் கேட்கவில்லை.

"அக்கா போயி பதினேழு நாளாச்சுடி. அவ ஞாபகமா வச்சுக்க என்கிட்ட ஒண்ணுமில்ல. இது ஒண்ணுதான்." மோதிரத்தைத் தொட்டாள். "நகைக்கடையில அறுத்து எடுத்துக் குடுக்கறாங்களாம். உனக்கு வலிக்காதாம். வரியா?"

சுருட்டையால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. மோதிரத்தை உருவி அவள் உள்ளங்கையில் வைத்தாள். நெட்டை அதைத் திருப்பி நூலைப் பார்த்தாள்.

"எப்பலேர்ந்து?"

"பதினொரு வருஷம்." "இத வாங்கிட்டா நீ வரமாட்டியோன்னு பயந்துட்டேன்டி."

நெட்டை திட்டியிருந்தால்கூடத் தேவலாம். நிதானமாகத்தான் பேசினாள்.

"படுக்கையில கிடந்தப்போ அக்கா கேட்டா. அந்த மோதிரத்த ஒரு தடவ போட்டுப் பாக்கணும் போல இருக்குன்னா. கழல மாட்டேங்குதுக்கான்னு சொன்னேன். சரி விடுன்னு திரும்பிப் படுத்துக்கிட்டா."

மோதிரத்தை நூலோடு பர்ஸில் போட்டுக்கொண்டு எழுந்து போனாள். ஊற்றி வைத்த டீ ஆடை படிந்து கிடந்தது.

அடுத்த மாதம் நெட்டை வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. போன் செய்யலாம்தான், எந்த முகத்தை வைத்துக்கொண்டு செய்வது? சாகக் கிடந்தவளின் ஒரு சின்ன ஆசை தன் விரலில் மாட்டிக்கொண்டிருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் சுருட்டைக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கதவைத் தட்டுகிற சத்தம். நெட்டை நின்றாள். சுருட்டை வழிவிட்டாள். நெட்டை வழக்கமான நாற்காலியில் போய் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு இன்னும் கோவம் தீரல," என்றாள். "தீருமான்னும் தெரியல."

"தீர வேணாம்." சுருட்டை சுவரோரமாகவே நின்றாள். "எதாவது வேணுமாடி? என்ன விஷயமா வந்த?"

"ஒரு விஷயமும் இல்ல. சும்மாதான் வந்தேன்."

முப்பத்தொரு வருஷத்தில் அவள் அந்த வீட்டுக்குச் சும்மா வந்தது அதுதான் முதல் தடவை.