வேட் கடைசியாகப் பாடியது

அப்பாவுக்கு நிக்கல் சுரங்கத்தில் வேலை கிடைத்ததால், கனடாவின் வடக்கே இருக்கும் கப்பஸ்கேசிங் என்ற சிற்றூரிலிருந்து தெற்கே சட்பரி நகருக்குக் குடிவந்தோம். 1994, செப்டம்பர் மாதம். எனக்குப் பதினாறு வயது. புதிய பள்ளியில் முதல் மூன்று வாரம் மதியச் சாப்பாட்டைக் கழிவறைக்குப் பக்கத்துப் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்து தின்றேன். பேசுவதற்கு ஆள் இல்லை.

உணவுக்கூடத்தின் ஜன்னலோர மேசை டானாவின் கூட்டத்துக்குச் சொந்தம். ஏழெட்டுப் பேர், எல்லோரும் ஒரே மாதிரி கறுப்புச் சட்டை. நெஞ்சில் ஒரு பையனின் முகம். அவன் பெயர் வேட் லெக்கினன். அதே பள்ளியில் படித்தவன். அவன் கிடாரும் பாட்டும், அவன் நண்பன் மார்ட்டி டிரம்ஸ் என்று இருவர் மட்டுமே கொண்ட குழு வைத்திருந்தான். அந்த மார்ச் மாதம் வடக்கே ஒரு கச்சேரியை முடித்துத் தனியாகக் காரில் திரும்பும்போது மரம் ஏற்றிய லாரியில் மோதிச் செத்துப்போனான். பத்தொன்பது வயது. அவன் பாட்டு பிடிக்காத ஒருவருக்கும் அந்த மேசையில் இடம் கிடையாது.

ஒருநாள் டானாவே படிக்கட்டுக்கு வந்தாள்.

"நீ கப்பஸ்கேசிங்காமே? வேடோட கடைசிக் கச்சேரி உங்க ஊர்லதானே நடந்துச்சு. போயிருந்தியா?"

அந்தக் கச்சேரி நடந்த மாலை நான் வீட்டில்தான் இருந்தேன். அப்பா சமையலறையில் தன் அக்கார்டியன் பெட்டியை வாசித்துக்கொண்டிருந்தார். கச்சேரி நடந்த பக்கத்துத் தெரு கர்லிங் விளையாட்டு மண்டபத்திலிருந்து தடதடவென்று வந்த சத்தம் கேட்டு, "தகரத்தைப் போட்டு உடைக்கிறானுங்க" என்றார். நானும் சிரித்தேன்.

"போயிருந்தேன்" என்றேன் டானாவிடம்.

மறுநாளே ஜன்னலோரம் எனக்கு இடம் கிடைத்தது. டானா கொடுத்த மூன்று ஒலிநாடாக்களைப் பரீட்சைக்குப் படிப்பது போலப் படித்தேன். வேட் பாடவில்லை, கத்தினான். கேட்கக் கேட்கத் தலை வலித்தது. ஆனாலும் எந்தப் பாட்டில் எங்கே மூச்சு வாங்குவான் என்பதுவரை மனப்பாடம் செய்தேன். மேசையில் யாராவது ஒரு வரியைத் தொடங்கினால் அடுத்த வரியை நான்தான் முதலில் சொல்வேன். ஒலிநாடாக்களைப் பற்றி ஆளாளுக்குத் தெரிந்திருந்தது. கடைசிக் கச்சேரியைப் பற்றி மட்டும் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது; மார்ட்டி அடக்கத்துக்குப் பிறகு ஊரைவிட்டே போய்விட்டிருந்தான். துருவித் துருவிக் கேட்டார்கள். நானும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். கடைசியில் கிடாரைக் கீழே வைத்துவிட்டு மேடை விளிம்பில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்து, மெதுவாக ஒரு பாட்டுப் பாடினான் என்றேன். டானா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தன்னுடைய இரண்டாவது கறுப்புச் சட்டையை எனக்கே கொடுத்துவிட்டாள்.

நவம்பரில் ஒரு ஞாயிறு மதியம் என்னை வேடின் அம்மாவிடம் கூட்டிப்போனாள். ஐலி என்று பெயர். ஏரிக்கரையில் சின்ன வீடு. காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் வைத்துவிட்டு, என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். டானாவைப் பார்க்கவே இல்லை.

"அவன் கடைசியா என்ன பாடினான் கண்ணு? போலீஸ்காரங்க கார் எப்படிக் கிடந்துச்சுன்னு சொன்னாங்க. என்ன பாடினான்னு யாருமே சொல்லல."

ஞாபகம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நான் அளந்ததையெல்லாம் கேட்டிருந்த டானா பக்கத்தில் இருந்தாள். என் வாயில் வந்தது அப்பாவின் அக்கார்டியன் மெட்டு. எனக்கு உண்மையிலேயே பிடித்த மெட்டு அது ஒன்றுதான். வார்த்தைகளை அங்கேயே கட்டினேன்.

"விளக்கை அணைக்காதே, பனி உருகுமுன் வந்திடுவேன்."

ஐலி ஜன்னல் வழியே வாசலைப் பார்த்தார்.

"நான் அணைச்சிட்டேனே" என்றார் பிறகு. "அன்னைக்குப் பத்து மணிக்கெல்லாம் வாசல் விளக்கை அணைச்சுட்டுப் போய்ப் படுத்துட்டேன்."

அன்று முதல் அந்த வாசல் விளக்கு அணையவில்லை. பள்ளிப் பேருந்து அந்த வழியாகத்தான் போகும். வெயிலடிக்கும் காலையிலும் எரிந்துகொண்டிருக்கும். நான் பேருந்தில் இடம் மாறி மறுபக்கம் உட்கார ஆரம்பித்தேன். உட்கார்ந்தும் பயனில்லை. எதிர் ஜன்னல் கண்ணாடியிலும் அது தெரிந்தது.

மார்ச்சில் முதலாண்டு நினைவுக்கூட்டம், தேவாலயத்தின் கீழ்க்கூடத்தில், மதியம். டானா என்னைக் கேட்காமலே அறிவித்துவிட்டாள், வேடின் கடைசிப் பாட்டை நான் பாடுவேன் என்று. பாட எழுந்த பிறகுதான் சுவரோரம் நின்ற உயரமான ஆளைப் பார்த்தேன். ஒலிநாடா உறைகளில் பார்த்த முகம். மார்ட்டி. அந்த மேடையில் வேடுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன்.

பாடினேன். முடிந்ததும் ஐலி திரும்பி அவனைக் கேட்டார்.

"இப்படித்தானே பாடினான் மார்ட்டி?"

அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "ஆமாம்மா. இப்படித்தான்" என்றான்.

கூட்டம் கலைந்ததும் வெளியே காருக்குப் பக்கத்தில் எனக்காகக் காத்திருந்தான்.

"அன்னைக்கு வந்தது மொத்தம் பன்னெண்டு பேரு. ஒவ்வொரு மூஞ்சியும் எனக்கு ஞாபகம் இருக்கு. உன் மூஞ்சி இல்ல."

அவன் கோபப்படாமல் சொல்லிக்கொண்டே போனான். மூன்றாவது பாட்டில் ஒலிபெருக்கி செத்துப்போனதாம். வேட் கிடாரைத் தூக்கி எறிந்தானாம். எல்லாம் உன்னால்தான், இனி என் மூஞ்சியிலேயே முழிக்காதே என்று இவனைத் திட்டிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டானாம்.

"பின்ன ஏன் ஆமான்னு சொன்னீங்க?"

"நீ பாடுறப்போ எனக்கே அது நடந்த மாதிரி இருந்துச்சு. இருந்துட்டுப் போகட்டும்." கார் கதவைத் திறந்தவன் நின்றான். "அவங்ககிட்ட மட்டும் உண்மையைச் சொல்லிடாத."

நான் சொல்லத்தான் போனேன். மூன்று நாள் பொறுத்தேன், நான்காம் நாள் பள்ளி விட்டதும் நேரே ஏரிக்கரைக்கு நடந்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஐலி கதவைத் திறந்ததும் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நான் அந்தக் கச்சேரிக்குப் போகவே இல்லை, மெட்டு என் அப்பாவுடையது, வார்த்தைகள் நான் கட்டியவை, நீங்கள் விளக்கை அணைத்ததில் தப்பே இல்லை. சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அவர் என் தோளிலிருந்த பனியைத் தட்டிவிட்டார்.

"கூட்டத்துல பாடி பயந்துபோயிட்ட. உள்ள வா."

"நான் பொய் சொன்னேம்மா."

"மார்ட்டி கூடவே இருந்தவன். அவன் பொய் சொல்வானா?"

கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். நாற்காலியில் உட்காரவைத்தார். இன்னொரு தடவை பாடச் சொன்னார். பாடினேன். பாதியில் கையைத் தூக்கி என்னை நிறுத்தினார்.

"'வந்திடுவேன்'னு அவ்வளவு இழுக்காத. அவன் இழுக்கமாட்டான். அதுக்கு முன்னால சின்னதா நிறுத்துவான், எச்சில் முழுங்குற மாதிரி. அப்புறம் மெதுவாச் சொல்லுவான்."

பாடிக்காட்டினார். உடைந்துபோன, கரகரத்த குரல்தான். ஆனால் அந்த நிறுத்தத்தில், மூன்று ஒலிநாடாக்களில் ஓரிடத்தில்கூட நான் கேட்டிராத ஒரு பையன் மூச்சு வாங்கினான்.

"எங்க, இப்ப நீ பாடு" என்றார் ஐலி.

அவர் சொன்ன இடத்தில் நிறுத்தினேன்.